குளம் நிரம்பினாப் பிறகுதான் தலையிடி

மழை கொட்டுற நாள விட மழை விட்டாப் பிறகு வாற நாள்தான் எங்களுக்குக் கஷ்டம் எண்டு சொன்னா நீர்ப்பாசன வேலை தெரியாத ஆக்கள் நம்பமாட்டாங்க. வெள்ளம் வரக்குள்ள செய்யிற வேலை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மட்டம் பாக்கிறது, வான்கதவத் திறக்கிறது, கீழ ஊராக்களுக்கு அறிவிக்கிறது. ஜனவரி கடைசியில குளம் தளும்பி நிக்கும், வெயிலும் எறிக்கும், அப்பதான் மண்டை காயும்.

இருக்கிற தண்ணியெல்லாம் மறிச்சு வைங்க, கோடையில செய்யிற சிறுபோக வெள்ளாமைக்கு உதவும் எண்டு விவசாயிகள் சொல்லுவாங்க. சரிதான். ஆனா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரையில இருந்த ஆக்கள் 2011ஐ மறக்க மாட்டாங்க, ஜனவரி வெள்ளம் வடிஞ்சு சனம் வீட்டுச் சேத்தக் கழுவி நிமிர முதல் பெப்ரவரியில இன்னொண்டு வந்திச்சு. அதால கொஞ்சம் இடம் விட்டு வைக்கோணும். இடம் விடுறதெண்டா திறக்கோணும், திறந்தா கீழ வயலெல்லாம் விளைஞ்சு நிக்கிற நேரம், ஈரத்தில வெட்டு மெசின் புதையும். அப்ப ஒரு சாண் திறந்து, நாள்க்கணக்கா மெல்ல மெல்ல விடுறதுதான் வழி. ராவில டோர்ச் அடிச்சு அளவுக் கம்பத்தப் பாப்பம், காத்தடிச்சா அலை ஏறி இறங்கும், ரெண்டுக்கும் நடுவால கண்ணாலயே பிடிச்சு எழுதோணும், அந்த ஒரு அங்குலத்துக்குப் பின்னால எவ்வளவு தண்ணி எண்டு நினைச்சா நித்திரை வராது.

போன் வேற. மகாஓயாப் பக்கம் பேஞ்சா முந்தனையாறு பெருகி கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டுக்கு மேலால பாயும், சனம் தோணியில போகும். எங்கட குளத்துக்கும் அந்த ஆத்துக்கும் ஒரு சம்பந்தமுமில்ல, ஆனாலும் "நீங்கதான் திறந்து விட்டீங்க" எண்டு ஏச்சு விழும். இங்கினியாகலைக்காரருக்கு வேற கதை, அவங்கட குளம் சேனாநாயக்க சமுத்திரம் 770,000 ஏக்கர் அடி கொள்ளும் (ஒரு ஏக்கர்ல ஒரு அடி உயரத்துக்கு நிக்கிற தண்ணிதான் ஒரு ஏக்கர் அடி), எல்லா வருசமும் நிரம்பாது.

பிறகு சிறுபோகக் கூட்டம். அரசாங்க அதிபர் தலைமை, தண்ணி விடுற திகதியும் எத்தின ஏக்கர் எண்டும் அங்கதான் முடிவாகும். ஒரு வருசம் மாரி நல்லாப் பேஞ்சது, எல்லாருக்கும் முழுக் காணியும் செய்யோணும் எண்ட ஆசை. வயலுக்குத் தண்ணி பங்கிடுறதப் பாக்கிற வட்டவிதானை ஒருத்தர் எழும்பி, "ரெண்டடிதானே மனே குறைஞ்சிருக்கு, மிச்சமெல்லாம் நிக்குதே" எண்டார். அடிக் கணக்கில அது சரி. ஆனா குளம் மேல விரிஞ்சும் அடியில ஒடுங்கியும் இருக்கும், மேல் ரெண்டடியில நிக்கிற தண்ணி அடி ரெண்டடியப்போலப் பல மடங்கு. ஜனவரியில எங்களுக்குப் பயமும் அந்த ரெண்டடிதான், ஆவணியில அவங்களுக்கு இல்லாமப் போறதும் அதேதான். கோடையில அடிக்கிற கச்சான் காத்துக் குடிக்கிற தண்ணியையும் கழிச்சுப் பாத்தா, ஏக்கருக்கு நாலஞ்சு ஏக்கர் அடி வேணுமெண்ட கணக்கில முழுக் காணிக்கும் காணாது.

கொள்ளளவு அட்டவணைய மேசையில விரிச்சுக் காட்டினன். மனிசன் கண்ணாடியப் போட்டு ஆறுதலாப் பாத்திட்டு, "அப்ப ஏன் திறந்து விட்டனீங்க?" எண்டார்.

2011 எண்டன். அதுக்குப் பிறகு அவர் திறந்ததப் பத்திக் கதைக்கல்ல, வாய்க்கால் கடைசியில இருக்கிற வயல், கீழ்க்கண்டத்த எவ்வளவு குறைக்கிறது எண்டுதான் சண்டை, அது மத்தியானச் சாப்பாடு தாண்டியும் போச்சு. கடைசியில கீழ்க்கண்டத்தில பாதியக் குறைக்கிறது எண்டு முடிவாகி, அவரும் கையெழுத்து வச்சார், அவர்ர காணியும் அந்தப் பாதிக்குள்ளதான்.