சிறு வணிக வளாகத்து மழைநீர்: கடைசிச் சேம்பரிலிருந்து தொடங்கும் வேலை

வாசலில் தேங்கும் குட்டையைப் பார்த்து மழைநீர் வேலையைத் தொடங்கினால் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும். தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழப்போகிறது, அந்த இடத்தின் மட்டம் என்ன என்பதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அது தெருவோர வடிகாலாக இருக்கலாம், ஓடையாக இருக்கலாம், மனைக்குள்ளேயே வெட்டும் உறிஞ்சுகுழியாகவும் இருக்கலாம். குழாயின் ஆழம், தரையின் வாட்டம் (சரிவு), சேம்பரின் (குழாய்கள் சந்திக்கும் மூடியுள்ள தொட்டியின்) உயரம் எல்லாமே அந்த மட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. நாலைந்து கடை, ஒரு கிடங்கு, பத்துப் பதினைந்து வண்டி நிற்கும் இடம் என்ற அளவிலான வளாகங்களில் நாங்கள் இந்த வரிசையை மாற்றுவதில்லை.

முதல் வேலை, கொட்டும் மழையில் மனையைச் சுற்றி நடப்பது. மழை பிடித்துக் கால் மணி நேரம் ஆனதும் மூன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்தக் கூரைக்குழாய் எங்கே கொட்டுகிறது, பக்கத்து மனைத் தண்ணீர் எந்த மூலையில் நுழைகிறது, தெரு வடிகால் எவ்வளவு உயரம் நிரம்பியிருக்கிறது. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த நாளில் பார்த்தால் உங்கள் குழாய் வடிகாலுக்குள் அழகாக இறங்கும். மழையில் வடிகாலின் நீர்மட்டம் குழாய்க்கு மேலே நின்றால் ஒரு சொட்டும் வெளியேறாது. தெருத் தண்ணீர் உள்ளே ஏறும். மழை நேரத்தில் போக முடியாவிட்டால் வடிகாலின் பக்கச்சுவரில் படிந்திருக்கும் சேற்றுக் கோட்டைப் பாருங்கள், அது உயரத்தைச் சொல்லும்.

அடுத்து மட்டம் எடுப்பது. இந்த அளவு மனைக்கு டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் குழாயே) போதும், ஆனால் அதற்குள் காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாறாத ஒரு புள்ளியை, உதாரணமாகக் கடைப் படியின் மேல் விளிம்பை, 0 என்று வைத்துக்கொண்டு எல்லா வாசல்களையும், மனையின் மூலைகளையும், வடிகாலின் அடியையும், அதன் மழைக்கால நீர்மட்டத்தையும் அதே கணக்கில் எழுதுங்கள். கான்கிரீட் தரைக்கும் பேவர் (பதிகல்) தரைக்கும் மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. வாட்டம் வேண்டும். 5 மி.மீ. என்று வரைபடத்தில் போட்டால் கொத்து வேலையின் ஏற்ற இறக்கத்திலேயே அது காணாமல் போய்விடும். சக்கர நாற்காலி வரும் பாதையில் குறுக்கு வாட்டம் மீட்டருக்கு 20 மி.மீ.யைத் தாண்ட வேண்டாம்.

இனி கணக்கு. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். பரப்பை மணிக்கு இத்தனை மி.மீ. என்ற மழை வேகத்தால் பெருக்கி, ஓடிவரும் பங்கால் (மண்ணில் இறங்காமல் ஓடிவரும் மழையின் பங்கால்) பெருக்கி, 3600-ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். கூரை, கான்கிரீட், தார்த்தரைக்குப் பங்கு 0.9; புல்வெளிக்கு மண்ணையும் சரிவையும் பொறுத்து 0.1 முதல் 0.35 வரை. 1200 சதுர மீட்டர் முழுக்கக் கூரையும் தரையுமாக இருந்து, மழை மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் அடித்தால் வினாடிக்கு 30 லிட்டர் வரும். இங்கே நேரும் பெரிய தவறு, ஒரு நாள் மழையளவை எடுத்து 24-ஆல் வகுப்பது. 120 மி.மீ. மழை அப்படி வகுத்தால் மணிக்கு 5 மி.மீ. ஆகிவிடும், உண்மையில் அதில் பாதி ஒரு மணி நேரத்திலேயே கொட்டியிருக்கலாம். உங்கள் பகுதிக்கான 10, 15 நிமிட மழை வேகத்தை வைத்துத்தான் குழாய் போட வேண்டும்.

100-க்கு 1 வாட்டத்தில் (100 மீட்டர் ஓட்டத்துக்கு 1 மீட்டர் இறக்கம்) நிரம்பி ஓடும்போது, வினாடிக்கு 150 மி.மீ. குழாய் சுமார் 15 லிட்டரும், 200 மி.மீ. சுமார் 33 லிட்டரும், 225 மி.மீ. சுமார் 45 லிட்டரும் கொண்டுபோகும். 30 லிட்டருக்கு 200 போதும் என்று காகிதம் சொல்லும். அடியில் கொஞ்சம் வண்டல் படிந்ததும் போதாது. 225-ஐ எடுப்பதே நல்லது. வாட்டம் 200-க்கு 1 ஆகக் குறைந்தால் அந்த 225-உம் 32 லிட்டருக்கு வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தெரு வடிகாலில் அவ்வளவையும் விட அனுமதி கிடைக்காதபோது, மனைக்குள் தேக்கி மெல்ல விட வேண்டும். வினாடிக்கு 10 லிட்டர்தான் விடலாம் என்றால், மீதி 20 லிட்டர், 15 நிமிடத்தில் 18,000 லிட்டர் ஆகிறது. கழுவிய 40 மி.மீ. ஜல்லியில் இடைவெளி 40 சதவீதம் என்று கொண்டால் 45 கன மீட்டர் ஜல்லி வேண்டும்: 30 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஓர் அகழி. பிளாஸ்டிக் கூடுகளில் இடைவெளி 95 சதவீதம் என்பதால் 19 கன மீட்டரில் முடியும். வெளியேறும் நீரைக் கட்டுப்படுத்த 75 மி.மீ. துளை உள்ள தகடு போடலாம், மேலே 0.8 மீட்டர் தண்ணீர் நிற்கும்போது அது வினாடிக்கு ஏறக்குறைய 10 லிட்டர் விடும். மட்டம் தாழ்ந்திருக்கும்போது குறைவாகவே விடும் என்பதால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 30 நிமிட, ஒரு மணி நேர மழைக்கும் இதே கணக்கைப் போட்டு, அதிகமாக வருவதையே எடுக்க வேண்டும். 50 மி.மீ.க்குக் குறைந்த துளை வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் பை போதும் அதை அடைக்க.

அந்த அகழியின் அடியை மண்ணிலேயே உறிஞ்ச விடலாமா என்பதைச் சோதனைதான் சொல்லும். அகழியின் அடி வரப்போகும் ஆழத்துக்கு 300 மி.மீ. அகலக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். ஊறவிடாமல் அளந்தால் காய்ந்த மண் ஆசையாகக் குடித்து ஏமாற்றிவிடும். ஒரு மணி நேரத்தில் 12 மி.மீ.கூட இறங்காவிட்டால் உறிஞ்சுவதை நம்ப வேண்டாம். 25 மி.மீ. கிடைத்தாலும் பாதியை மட்டுமே கணக்கில் எடுங்கள், ஏனென்றால் மண்ணின் துளைகள் வருடாவருடம் அடையும். பாதியாக எடுத்தாலும் மேலே சொன்ன அகழியின் 45 சதுர மீட்டர் அடி (30 × 1.5), 18,000 லிட்டரை 32 மணி நேரத்தில் வடித்துவிடும். 48 மணி நேரத்துக்குள் காலியாக வேண்டும், அடுத்த மழைக்கு இடம் வேண்டுமே. அகழியின் அடி மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1 மீட்டராவது மேலேயும், கட்டட அஸ்திவாரத்திலிருந்து 5 மீட்டர் தள்ளியும் இருக்கட்டும். எரிபொருள் சிந்தும் இடம், பழைய பட்டறை நிலம் என்றால் உறிஞ்சுகுழி கூடவே கூடாது. அழுக்கு நேராக நிலத்தடி நீருக்குப் போகும்.

உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கொடுக்கும் வரைபடத்தில் மட்டங்களை எண்ணாகக் காட்டுங்கள், அம்புக்குறி மட்டும் போதாது. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைக்கும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அப்படிச் செய்தால் பெருமழையில் கழிவறை வழியாகத் தண்ணீர் மேலே வரும்.

குழாய் பதிக்கும் அகழியைத் தோண்டுவது வெளியேறும் முனையிலிருந்து மேல்நோக்கி. நடுவில் மழை வந்தாலும் அகழி தானே வடியும். குழாய்க்கு அடியில் 100 மி.மீ. மணல் படுக்கை, ஒவ்வொரு இணைப்பின் கீழும் சிறு பள்ளம். இல்லாவிட்டால் குழாய் இணைப்புகளின் மேல் மட்டும் உட்கார்ந்து நடுவில் தொங்கும், வண்டி ஏறும்போது விரியும். குழாயின் அகன்ற வாய் தண்ணீர் வரும் பக்கம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நீளத்துக்கும் நூல் கட்டி வாட்டம் பாருங்கள், ஒரே இடத்தில் எதிர்வாட்டம் வந்தாலும் வண்டல் அங்கேதான் சேரும். வண்டி ஓடும் இடத்தில் பிவிசி குழாயின் மேல் 600 மி.மீ. மண் இல்லையென்றால் சுற்றிலும் கான்கிரீட் போட வேண்டும். மூடும் முன் கீழ் முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள். பிறகு 150 மி.மீ. அடுக்குகளாக மண் போட்டு இடிக்க வேண்டும்.

திருப்பம், சந்திப்பு எல்லாவற்றிலும் சேம்பர். வெளியேறும் குழாய்க்குக் கீழே 300 மி.மீ. பள்ளம் விட்டால் வண்டல் அங்கே தங்கும். அந்தக் குழாயின் வாயில் கீழ்நோக்கிய எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) ஒன்றை மாட்டினால் எண்ணெயும் மிதக்கும் குப்பையும் சேம்பரிலேயே நின்றுவிடும். இவ்வளவு மலிவான வேலை இவ்வளவு பயன் தருவது அரிது, தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கிரேட்டிங் (தண்ணீர் இறங்கும் கம்பி மூடி) சுற்றுத்தரையைவிட 5 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். அதில் பாதி இலையால் அடைபட்டிருக்கும் என்றே கணக்கிடுங்கள்.

தெரு வடிகால் நிரம்பும் இடமென்றால் கடைசிச் சேம்பரில் ஃபிளாப் வால்வு (தண்ணீர் வெளியே போக மட்டும் திறக்கும் மடிப்புக் கதவு) வேண்டும், கை எட்டும் இடத்தில். ஒரு கூழாங்கல் சிக்கினாலே மூடாது. மூடிய நேரத்தில் உங்கள் தண்ணீருக்கும் வழியில்லை என்பதால், அந்த நேரத்துக்கான தேக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜல்லி அகழியைக் குழாயோடு இணைப்பது கடைசி நாள் வேலையாக இருக்கட்டும். கட்டுமானச் சேறும் சிமென்ட் தண்ணீரும் ஒரே மழையில் அதை அடைத்துவிடும். ஜல்லியைச் சுற்றி நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி), விளிம்புகள் 300 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று. அடிமட்டம் வரை போகும் 100 மி.மீ. துளைக்குழாய் ஒன்றைச் செங்குத்தாக நட்டு மூடி போட்டுவிடுங்கள். பெருமழை நின்று இரண்டு நாள் கழித்து அதற்குள் கோலை விட்டுப் பாருங்கள். தண்ணீர் இன்னும் நின்றால் முதலில் வெளியேறும் துளையையும், பிறகு அகழிக்கு முந்தைய சேம்பரையும் திறக்க வேண்டும். சேம்பரின் வண்டல் பள்ளம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் வண்டலை வாளியில் அள்ளி வெளியே எடுங்கள். குழாயில் தண்ணீர் அடித்துத் தள்ளினால் அத்தனையும் ஜல்லிக்குள் போய்விடும், பிறகு அகழியைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.