ஜன்னலோரப் பூசணம்: இரண்டு மழைக்காலக் குறிப்புகள்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பங்கு பிரித்ததில் எங்களுக்கு வந்தவை இரண்டாம் கட்டின் வடபுறத்து இரண்டு அறைகளும் அடுப்படியில் பாதியும். ஆண்டில் ஒன்பது மாதம் இந்த ஊரில் சுவர் காய்ந்துதான் கிடக்கும். செம்புறாங்கல் பூமி, வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் மட்டும் இரண்டு அறைகளிலும் ஜன்னலைச் சுற்றிக் கடுகைச் சிதறவிட்டதுபோல் கறுப்புப் புள்ளிகள் விழும். கார்த்திகைக்குள் அவை ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்துவிடும்.

நான்கு வருடம் நான் செய்தது ஒரே வேலை. பிளீச்சிங் தண்ணீரைத் தொட்டுத் துடைப்பேன், சுவர் வெளுக்கும், நெஞ்சு நிமிரும். அதிகபட்சம் இரண்டு வாரம். பிறகு அதே இடத்தில் அதே கறுப்பு. 2021இல் தங்கை கல்யாணத்துக்காக ஜன்னல் சுவர்களில் சுவரை மழமழப்பாக்கும் புட்டிப் பசை இழுத்து, கடைக்காரர் காட்டியதிலேயே விலை கூடிய எமல்ஷன் பெயின்ட்டை அடித்தேன். அந்த வருடம்தான் பூசணம் எப்போதையும்விடச் செழிப்பாக வளர்ந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. பெயின்ட் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

2023 ஐப்பசியில் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் இருப்பது ஒரு சின்னச் சோதனை. கறுப்பாக இருப்பதெல்லாம் பூசணம் ஆகாது; அடுப்புப் புகையும் அழுக்கும்கூட அப்படித்தான் படியும். நீர் கலந்த பிளீச்சை ஒரு புள்ளியில் ஒரே ஒரு சொட்டு வைத்தேன். இரண்டு நிமிடத்தில் அந்த இடம் வெளுத்தது. அடுப்படிச் சுவரில் வைத்த சொட்டு அப்படியே கறுப்பாக நின்றது. ஆக, ஜன்னலில் இருப்பது பூசணம், அடுப்படியில் இருப்பது கரி. ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாகப் பூத்திருந்த பொடி வேறு வகை. விரலில் எடுத்துத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிட்டது. அது சுவர் உப்பு. சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அடையாளம்.

சுத்தம் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பிளீச்சோடு குளியலறை கழுவும் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த அறையில் அது உயிருக்கே ஆபத்து. காய்ந்த பூசணத்தை வெறும் துடைப்பத்தால் தட்டவும் கூடாது. அதன் வித்துகள் அறை முழுவதும் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்து, முகக்கவசம் கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் வழித்தெடுப்பதுதான் முறை.

வினிகர் நல்லது என்று பலர் சொல்வதால் ஒரு மூலையில் பழைய சுண்ணாம்புப் பூச்சின்மேல் தடவிப் பார்த்தேன். சோடா உடைத்ததுபோல் நுரைத்தது. துணியால் ஒற்றினால் பூச்சே மாவாக வந்தது. புளிப்புக்கும் சுண்ணாம்புக்கும் ஆகாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். சுவரில் பார்க்கும்வரை நினைவுக்கு வரவில்லை. சிமென்ட் வீட்டுக்காரர்கள் எப்படியோ, எங்கள் மாதிரிப் பழைய வீட்டில் வினிகர் பாட்டில் அடுப்படியோடு நிற்கட்டும்.

அடுத்தது என் அப்பத்தாவின் வைத்தியம். தேக்கு நிலைக்கு நல்லெண்ணெய் தடவினால் மரம் தண்ணீர் குடிக்காது என்றார். முகப்புக் கதவுக்குப் பங்குனி வெயிலில் தடவுகிற பழக்கம் உண்டு, அது பளபளவென்று நிற்கிறது. நான் மழைக்காலத்தில், ஈரம் ஊறிய ஜன்னல் நிலைக்குத் தடவினேன். ஒன்பதாம் நாள் நிலை முழுவதும் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் முளைத்திருந்தது. ஈரமும் இருந்து தீனியும் போட்டால் வளராமல் என்ன செய்யும்? அப்பத்தாவிடம் காட்டினேன். "ஈர மரத்துக்கு யாரப்பா தடவச் சொன்னது?" என்று என்னையே கேட்டார்.

நோட்டில் உருப்படியான பக்கம் கார்த்திகை முதல் வாரத்தில் வருகிறது. பால் பாக்கெட்டுகளைப் பிரித்துக் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் தாள், ஒரு முழச் சதுரம். இரண்டு ஜன்னல்களின் ஓரத்திலும் பூசணத்தைத் துடைத்துவிட்டு, தாளைச் சுவரோடு ஒட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். சாமான் அறையில், தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்து முத்தாகத் தண்ணீர், வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. படுக்கை அறையில் நேர்மாறு. தாளின் வெளிமுகம், அதாவது அறையைப் பார்த்த முகம் வியர்த்திருந்தது; உரித்தால் பின்னால் சுவர் காய்ந்து கிடந்தது.

அதைப் பார்த்துச் சற்று நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே வீடு, அடுத்தடுத்த அறை, ஒரே கறுப்பு. ஆனால் ஒன்றுக்குத் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது, மற்றதற்கு அறைக் காற்றிலிருந்து. நான்கு வருடமாக இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து, இரண்டும் கேட்கவில்லை என்று அலுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

படுக்கை அறையை முதலில் முடித்துவிடுகிறேன், அது எளிது. 350 ரூபாய்க்கு ஈரப்பதமானி ஒன்று வாங்கினேன். கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நீட்டிய வெப்பமானியில் பொருள்களின் சூட்டை அளக்கும் பொத்தானும் உண்டு. அதைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மழை இரவுகளில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அப்படிப்பட்ட காற்று ஏறத்தாழ 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலிருக்கும் நீர் துளியாகிவிடும். நாங்களோ ஏசியை 20இல் வைத்துப் போர்வைக்குள் சுருண்டிருப்போம். ஏசிப் பெட்டி மாட்டியிருப்பது ஜன்னலுக்கு நேர் எதிரே. குளிர்காற்று போய் மோதுவது ஜன்னல் சுவரில். அங்கே அளந்தால் 21. ஜன்னல் கதவுகளோ நூறு வருடத்து பர்மா தேக்கு, காய்ந்து சுருங்கியதில் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும். அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரில் பட்டதும் வியர்க்கிறது. குளிர்ந்த சொம்பின்மேல் துளி நிற்பது போலத்தான்.

"ஏசிப் பெட்டி வந்த பிறகுதான் இந்த அறைக்கு வியர்க்கிறது" என்று அப்பத்தா பல தடவை சொல்லியிருக்கிறார். பழைய மனுஷியின் புலம்பல் என்று நானும் மனைவியும் சிரித்திருக்கிறோம். ஆனால் அவர் சொன்ன மருந்து, மழையிலும் ஜன்னலைத் திறந்து வை என்பது, ஏசி ஓடும் அறைக்கு விஷம்.

இன்னொரு குற்றவாளியும் அந்த அறையில் இருந்தது. மழைக்கு வளவில், அதாவது நடு முற்றத்தில், துணி காயாது என்று, கட்டிலுக்கு மேலே கொடி கட்டி மின்விசிறியில் காயவைப்போம். ஒருநாள் பிழிந்த துணி மூட்டையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டேன்: 8.9 கிலோ. மறுநாள் அதே துணிகள் காய்ந்தபின் 6.2. அதாவது 2.7 லிட்டர் தண்ணீரை ஒரே இரவில் படுக்கை அறைக் காற்றில் ஊற்றியிருக்கிறோம். மனைவி தராசைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து அடுப்படித் தாழ்வாரத்தில் கட்டிவிட்டார்.

கதவுச் சந்துகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினேன். ஏசி 26, கூடவே மின்விசிறி. கட்டிலை இடம் மாற்றியதால் பெட்டியின் காற்றையும் சுவரில் படாமல் மேல்நோக்கித் திருப்ப முடிந்தது. துடைத்த சுவர் அந்த மார்கழிவரை சுத்தமாகவே இருந்தது. திரைச்சீலையின் பின்பக்கம் மட்டும் பழைய வாடை போகவில்லை. அதைக் கழித்துக் கட்டினேன்.

சாமான் அறைதான் என்னைப் படுத்தியது. வெளியே ஜன்னலுக்கு மேல் ஒரு கான்கிரீட் சன்ஷேடு இருக்கிறது. வீட்டோடு பிறந்ததில்லை, அப்பச்சி, அதாவது என் அப்பா, காலத்தில் வைத்தது. மழை நின்ற ஒரு மாலையில் ஏணி போட்டு ஏறி, ஒரு குவளைத் தண்ணீரை அதன் நடுவில் ஊற்றினேன். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு நிதானமாகச் சுவரை நோக்கி நடந்து, சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் தலைமுடி அகல விரிசல் ஒன்றில் இறங்கிக் காணாமல் போனது. பத்துக் குவளை ஊற்றினேன். பத்தும் அங்கேதான் போயின. முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே போய்ப் பார்த்தால், ஜன்னலின் இடது மேல்மூலையில் பெயின்ட் லேசாகக் கறுத்து ஈரம் காட்டியது. பூசணம் எப்போதும் முதலில் தோன்றும் அதே மூலை.

கொத்தனாரை அழைத்தேன். அவர் ஏணியில்கூட ஏறவில்லை, கீழே நின்றபடி, "வாட்டம் உள்பக்கம் இருக்கிறது தம்பி. யாரோ ஒழுகுகிறது என்று மேலே சிமென்ட் பூசி, வாட்டத்தைக் கெடுத்திருக்கிறார்கள்" என்றார். அந்த யாரோ நான்தான். 2019இல் நானே கரண்டி பிடித்து ஒரு மூட்டை சிமென்ட்டில் செய்த திருப்பணி. சொல்லவில்லை.

பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, வெளிப்பக்கம் ஒரு அங்குலம் வாட்டம் வைத்துப் பூசினார். சுவர்ச் சந்தில் விரிசலை அகலப்படுத்திச் சுண்ணாம்புக் கலவை அடைத்தார். சன்ஷேடின் அடிப்பக்கம், ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, நீளவாக்கில் ஒரு காடி, அதாவது ஒரு பள்ளக் கோடு, எடுத்தார். எதற்கு அண்ணே என்றேன். விளிம்பில் வழியும் தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்குத் திரும்பிவிடுமாம். காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும் என்றார். அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். காடியின் நீளத்துக்கு மணி கோத்ததுபோல் சொட்டியது.

உள்ளே எமல்ஷனை உரித்தது தனிக் கதை. ஒரு முனையைச் சுரண்டிப் பிடித்து இழுத்தால் வாழைப்பட்டைபோல் ஒரு முழ நீளத்துக்கு வந்தது. அடியில் புட்டி கெட்டித் தயிர் பதத்தில், மூடிய பானை திறந்த வாடையோடு. சுவருக்குள் போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லாமல் நான்தான் பிளாஸ்டிக் தோல் போர்த்தியிருக்கிறேன். சுண்ணாம்புச் சுவர் மழையில் குடித்ததை வெயிலில் உமிழ்ந்துவிடும். வாயைக் கட்டினால் எங்கே போகும்? முகப்பில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சு இருக்கிறது. அதில் நான் பிறந்ததிலிருந்து ஒரு புள்ளி பார்த்ததில்லை. அங்கே தூசுகூட உட்காராது, வளவுக் காற்றும் ஓயாது.

உரித்த சுவரை உடனே மூடக்கூடாது என்றார் கொத்தனார். கனத்த சுவர் ஒரு அங்குலம் காய ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. மாசி முடியும்வரை அந்த அறை உரித்த கோழிபோல் நின்றது. வந்த உறவினர்கள் எல்லாம் பணமுடையா என்று விசாரித்தார்கள்.

பங்குனியில் சுண்ணாம்பு. கல் சுண்ணாம்பு வாங்கிப் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றியது என் மடமை. கொதித்த கொதியில் வாளி இடுப்பொடிந்து சாய்ந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. இரும்பு டிரம்முக்கு மாற்றி, பத்து நாள் ஊறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, பால் பதத்தில் கரைத்தேன். சுவரை நனைத்துவிட்டு அடிக்கவேண்டும். அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீர் பூசியதுபோல் இருக்கும். காய்ந்தபின்தான் வெண்மை எழும். மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி.

புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் பிழைக்காது. ஆனால் அந்தக் காரம் காற்றுப் பட்டு மெல்லக் குறைந்துவிடும் என்பதால் வருடந்தோறும் ஒரு பூச்சாவது வேண்டும். மழை ஓய்கிற மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடித்த வழக்கம் எவ்வளவு கணக்காக வந்து பொருந்துகிறது என்று, தூரிகையும் கையுமாக நிற்கும்போதுதான் உறைத்தது.

2024 ஐப்பசி, கார்த்திகை, இரண்டாவது மழைக்காலம். படுக்கை அறை: ரப்பர் பட்டை ஒரு மூலையில் பிய்ந்த இடத்தில் ஆறு புள்ளிகள். துடைத்து, பட்டையை மாற்றினேன், திரும்ப வரவில்லை. சாமான் அறை: பூசணம் இல்லை. ஜன்னலுக்குக் கீழே உப்பு மட்டும் கொஞ்சம் பூத்தது. உலர்ந்த தூரிகையால் தட்டி, கீழே விழுந்ததை அள்ளி வெளியே கொட்டினேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

மூன்றாவது அறை ஒன்று பாக்கி. சாமான் அறைக்கு அடுத்தது, பங்காளி அண்ணனுடையது. அவர் சென்னையில் இருக்கிறார். பூட்டு தொங்கி எட்டு வருடம் ஆகிறது. அதன் ஜன்னலுக்கு மேலேயும் அதே சன்ஷேடுதான் நீள்கிறது. அவர் பக்கத்தைத் தொட அவர் சம்மதம் வேண்டும் என்பதால், கொத்தனார் பங்குக் கோட்டோடு கரண்டியை நிறுத்திக்கொண்டார். போன வாரம் கதவிடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் ஜன்னலின் வடிவமே தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு. தொலைபேசியில் சொன்னேன். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும்போது சாவி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். டிரம்மில் மிச்சச் சுண்ணாம்பைத் தண்ணீர் மூடி வைத்திருக்கிறேன்.