கோடு அறுந்திருந்தால் முதலில் ரத்தக்குழாயைப் பாருங்கள்

கருவின் நுரையீரலை மெல்லிசாகச் சீவிய செக்‌ஷனில் கொலாஜன் 4 என்ற புரதத்தை ஆன்டிபாடி கொண்டு நிறமேற்றிக் காட்டும் ஸ்டெயின் போட்டால் ஒவ்வொரு மூச்சுக்குழாயையும் சுற்றி மெல்லிய பழுப்புக் கோடு ஓடும். அதுதான் அடித்தளச் சவ்வு, செல்கள் உட்கார்ந்திருக்கும் மெல்லிய விரிப்பு. அந்தக் கோடு அங்கங்கே அறுந்து தெரிந்தால் உடனே 'வளர்ச்சிக் குறைபாடு' என்று எழுதிவிடாதீர்கள். பல நேரம் பழுது ஸ்லைடில்தான் இருக்கும்.

குளச்சலிலும் முட்டத்திலும் வலை பின்னுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சவ்வைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. கொலாஜன் 4 மூன்று இழை முறுக்கிய கயிறு. அதன் ஒரு முனையில் நான்கு கயிறுகள் சேர்ந்து முடிச்சு விழும், மறுமுனையில் இரண்டு சேரும். அந்த இரண்டாவது முடிச்சு இறுகுவதற்கு பெராக்ஸிடேசின் என்ற நொதியும் துளி புரோமைடும் வேண்டும் என்பது 2014-ல் தெரியவந்தது. நம் கடல்நீரில் கரைந்து கிடக்கிற அதே புரோமைடுதான். செல்லை ஒட்டிய பக்கம் லேமினின் என்ற இன்னொரு புரதம் தனியாக ஒரு வலை போடுகிறது. நிடோஜன், பெர்லிகன் என்ற புரதங்கள் இரண்டு வலைகளையும் பிணைக்கின்றன.

வலை எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் இருக்காது. குழாய் கிளைவிட்டு வளரும் வாரங்களில் மொட்டின் நுனியில் சவ்வு மெலிந்திருக்கும், இரண்டு கிளைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் தடித்திருக்கும். நுனியில் கோடு மங்கலாகத் தெரிவது அந்த வயதுக்கு இயல்பு. சுமார் 16-வது வாரத்துக்குப் பிறகு தந்துகிகள் நெருங்கி வருகின்றன. போகப்போக மூச்சுக்குழாயின் சவ்வும் தந்துகியின் சவ்வும் பல இடங்களில் ஒன்றாக இணைந்துவிடும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலான தூரம் மிக மெலிந்த இடங்களில் அரை மைக்ரானுக்கும் கீழே போவது இதனால்தான்.

வாரக் கணக்கில் சறுக்குகிறவர்கள் நிறைய. கருவியல் புத்தகம் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறது, ஸ்கேன் ரிப்போர்ட் கடைசி மாதவிலக்கிலிருந்து. ரிப்போர்ட்டில் 18 வாரம் என்றால் புத்தகத்தில் 16-ஐப் பாருங்கள்.

இனி ஸ்லைடு. தாயின் சம்மதமும் நெறிமுறைக் குழு அனுமதியும் கையில் வந்த பிறகுதான் திசுவைத் தொட வேண்டும். திசுவின் அளவைப்போல் பத்து மடங்காவது 10% பஃபர்டு ஃபார்மலின் ஊற்றி ஒரு நாள் வையுங்கள். நாள்கணக்கில் கிடந்தால் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆன்டிபாடிக்கு இடம் விடாது. 4 மைக்ரான் செக்‌ஷனை திசு ஒட்டிக்கொள்ளும் சார்ஜ்டு ஸ்லைடில் எடுத்து, 37 டிகிரியில் இரவு முழுக்கக் காயவிட்டு, பிறகு 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆனியிலும் ஐப்பசியிலும் நாகர்கோவில் பக்கம் காற்றே நனைந்து கிடக்கும். செக்‌ஷனுக்கு அடியில் ஈரம் தங்கினால் அடுத்த கட்டங்களில் ஓரம் கிளம்பிவிடும்.

ஃபார்மலினில் பின்னிக்கொண்ட புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடிக்கு வழிவிட, கொலாஜன் 4-க்குப் பெரும்பாலும் வெறும் சூடு போதாது, நொதி வேண்டும். 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.4% பெப்சின், 37 டிகிரி. கருத்திசு மென்மையானது, அதனால் 5, 10, 15 நிமிடம் என மூன்று ஸ்லைடு வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். குறைந்தால் கோடு விட்டுவிட்டு வரும். கூடினால் செல் ஓரங்கள் பிய்ந்து, நியூக்ளியஸ் வெளிறிப்போகும்.

ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் படிக்கும்போது அதே செக்‌ஷனில் உள்ள ரத்தக்குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கும் கோடு அறுந்திருந்தால் ஸ்டெயினை மறுபடி போடுங்கள். ரத்தக்குழாயில் முழுசாக ஓடி, மூச்சுக்குழாயில் மட்டும் அறுந்திருந்தால் அடுத்த செக்‌ஷனில் லேமினின் ஸ்டெயின் போடுங்கள். அதிலும் அதே இடத்தில் அறுந்திருந்தால் மட்டும் ரிப்போர்ட்டில் எழுதலாம்.