விரல் சுடாமல் கைவான் பிடிப்பது எப்படி

சீனப் பீங்கான் தேநீர்ப் பாத்திரம் என்று பேச்செடுத்தாலே மன அமைதி என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. அந்த அமைதி உண்மைதான். ஆனால் வெள்ளைக் கிண்ணத்தையும் நீலப் பூவேலையையும் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் அது வராது. கைவான் என்ற மூடியுள்ள சின்னத் தேநீர்க் கிண்ணத்தில் ஒரு தடவைக்கு 80 மில்லிதான் கொள்ளும். ஏறக்குறைய இருபது விநாடியில் வடித்தாக வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருக்கும், செல்போனைத் தொட முடியாது. இந்தச் சின்ன அளவும் குறுகிய நேரமும்தான் மனதை ஓரிடத்தில் நிறுத்துகின்றன. அதைக் கெடுப்பவையும் சின்ன விஷயங்கள்தான்: விரல் சுடும், மூடி நழுவும், கெட்டில் கைக்கு எட்டாது, மேசை நனையும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, தீர்வும் உண்டு.

கைவான் என்பது மூன்று துண்டுகள்: மூடி, கிண்ணம், அடித்தட்டு. பிடியும் இல்லை, மூக்கும் இல்லை. 1391இல் மிங் பேரரசர் ஹோங்வூ, அரண்மனைக்குக் காணிக்கையாக வரும் அச்சுத் தேயிலைக் கட்டிகளை நிறுத்தி, உதிரி இலையாகவே அனுப்பச் சொன்னார். இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பது அதன்பின் நாடெங்கும் பரவியது. கைவான் அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த பாத்திரம். சீனத்து யீஷிங் ஊரின் மண் கெண்டிக்கு நுண்துளைகள் உண்டு, அது மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேநீர் என்று வைத்துக்கொள்கிறார்கள். மெருகு என்ற கண்ணாடிப் பூச்சிட்ட பீங்கான் எதையும் உறிஞ்சாது. காலையில் பச்சைத் தேநீர், மாலையில் பூஎர் என்ற நொதித்த தேநீர் என்று ஒரே கைவானில் போடலாம். முதலில் ஒன்றே ஒன்று வாங்குவதானால் கைவானைத்தான் வாங்க வேண்டும் என்பேன்.

பீங்கான் என்றால் ஜியாங்ஷி மாகாணத்து ஜிங்தேஜென். 1004இல் சோங் பேரரசர் ஜென்சோங் தன் ஆட்சிக்கால அடைமொழியையே அந்த ஊருக்குப் பெயராகத் தந்தார். அங்கே பீங்கான் கல்லைத் தூளாக்கி, கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணோடு பிசைகிறார்கள். சூளையில் சுமார் 1300 டிகிரி செல்சியஸில் கல் உருகிக் கண்ணாடித்தன்மை பெறும், கயோலின் உருக்குலையாமல் தாங்கும். இவ்வளவு மெல்லிய சுவர் நிற்பது இந்தக் கூட்டணியால்தான். ஆக்சிஜன் குறைந்த சூளையில் வெந்தால், மெருகில் உள்ள துளி இரும்பு லேசான நீலச் சாயல் காட்டும். ஃபூஜியான் மாகாணத்துத் தெஹுவா பீங்கானில் இரும்பு மிகக் குறைவு. அது தந்தம் போன்ற வெண்மை. இந்த வேறுபாட்டைக் கோப்பையில் நேரடியாகப் பார்க்கலாம். நீலச் சாயல் வெள்ளையில் பச்சைத் தேநீர் தெளிவாகத் தெரியும். தந்த வெள்ளையில் சிவப்புத் தேநீரும் (நாம் கறுப்புத் தேநீர் என்பது) பழைய வெள்ளைத் தேநீரும் இன்னும் கதகதப்பான நிறம் காட்டும்.

வாங்கும்போது ஓவியத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் கொள்ளளவு. 100 மில்லி என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் விளிம்பு வரைக்குமான கணக்கு. மூடி உட்காரும் இடத்துக்குக் கீழே 75, 80 மில்லிதான் தேறும். ஒருவருக்கு அதுவே போதும். இரண்டு மூன்று பேருக்கு 120 முதல் 130 மில்லி. 150க்கு மேல் போனால் சராசரிக் கைக்கு விரல் எட்டாது, பிடி நழுவும். அடுத்தது விளிம்பு. அது வெளிப்பக்கம் நன்றாக மலர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் தொடாத அந்த மலர்ந்த பகுதியில்தான் விரல் வைக்கப் போகிறோம். நேராக எழும்பும் விளிம்புள்ள கைவான் படத்தில் அழகாக இருக்கும்; கையில் எடுத்தால் சுடும். மூடியின் குமிழ் ஒரு விரல்நுனி நிலையாக அமரும் அளவுக்கு உயரமாக இருக்கட்டும். மூடியைப் போட்டு லேசாகச் சாய்த்துப் பாருங்கள். இலையைத் தடுத்து நீரை விடும் சின்ன இடைவெளி ஒரே சீராகக் கிடைக்க வேண்டும். சூளையில் விளிம்பு கோணியிருந்தால் ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் பிளந்து நிற்கும். பிறகு கிண்ணத்தை உள்ளங்கையில் தளர்வாக நிறுத்தி நகத்தால் சுண்டுங்கள். கணீரென்று நீண்ட ஒலி வந்தால் சரி. ஒலி சட்டென்று அடங்கினால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கலாம்.

ஓவியத்திலும் ஒரு விஷயம் உண்டு. நீல வெள்ளை வேலையில் கோபால்ட் நிறம் மெருகுக்கு அடியில் இருக்கிறது. விரலால் தடவினால் தட்டுப்படாது, தேய்த்தாலும் போகாது. சிவப்பு, மஞ்சள், பொன்விளிம்பு போன்றவை பெரும்பாலும் மெருகுக்கு மேலே தீட்டி இரண்டாம் முறை குறைந்த வெப்பத்தில் சுட்டவை. வெளிச்சத்தில் சாய்த்தால் அவை சற்றே புடைத்துத் தெரியும். மேல் வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. அதனால் தேநீரோ உதடோ படும் இடத்தில் மேல் வண்ணம் இல்லாததையே எடுங்கள். வயது தெரியாத பழம்பொருள் கோப்பையை அலமாரியில் வைத்து ரசியுங்கள், அதில் குடிக்க வேண்டாம்.

கைவானோடு வேண்டியவை கொஞ்சம்தான். வடித்த தேநீரைச் சேர்க்கக் கோங்தாவ்பெய் என்ற மூக்குள்ள குடுவை ஒன்று, 40 முதல் 50 மில்லிக் கோப்பைகள் இரண்டு, கழுவிய நீரை ஊற்ற ஒரு கிண்ணம், ஈரம் துடைக்க ஒரு பருத்தித் துணி. குடுவை எதற்கு என்றால், கைவானிலிருந்து நேரே கோப்பைகளுக்கு ஊற்றினால் முதல் கோப்பை மெல்லியதாகவும் கடைசிக் கோப்பை கடுமையாகவும் ஆகிவிடும். குடுவையில் கலந்தால் எல்லோருக்கும் ஒரே சுவை. வடிகட்டி அவசியமில்லை. கெட்டில் வலப்பக்கம், கழுநீர்க் கிண்ணம் இடப்பக்கம், கைவான் நடுவில். நாற்காலியிலிருந்து எழாமலே ஒரு சுற்று முடிய வேண்டும். எழுந்து நடக்க வைக்கும் ஏற்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு வாரத்தில் கைவிட்டுப் போகும்.

உருண்டை வடிவத் தியேகுவான்யின் ஊலோங்கை (பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட தேயிலை வகை) எடுத்துக்கொள்வோம். 100 மில்லிக் கைவானுக்கு 6 கிராம். சின்னத் தராசில் நிறுத்தே போடுங்கள். கிண்ணத்தின் அடி மறையும் அளவுதான் வரும், போதாது என்று தோன்றும். விரிந்ததும் கிண்ணமே நிறைந்துவிடும், கூடுதலாகப் போட்டால் மூடியைத் தூக்கும். தண்ணீர் நன்றாகக் கொதிக்கட்டும். முதல் ஊற்று வெறும் கைவானைச் சூடாக்க, கொஞ்சம் கொஞ்சமாக. அதைக் குடுவைக்கு மாற்றி, குடுவையிலிருந்து கோப்பைகளுக்கு மாற்றி, கொட்டிவிடுங்கள். குளிர்ந்த பீங்கானில் ஊற்றினால் தண்ணீர் பல டிகிரி இறங்கிவிடும். இறுகச் சுருட்டிய இலைக்கு அந்தச் சூடு தேவை. இப்போது சூடான கைவானில் இலையைப் போட்டு, மூடி, இரண்டு மூன்று முறை குலுக்கி, மூடியின் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். நீர் படாத இலையின் மணம் இந்த ஒரு நேரத்தில்தான் இவ்வளவு துலக்கமாகக் கிடைக்கும்.

பிறகு ஐந்து விநாடி நீர் விட்டுக் கழுவி, வடித்துக் கொட்டுங்கள். குடிப்பதற்கான முதல் ஊற்று 20 விநாடி. இரண்டாவது 15, இலை ஏற்கெனவே விரிந்துவிட்டதால் நேரம் குறைகிறது. மூன்றாவது மறுபடி 20, அதன் பின் ஒவ்வொன்றுக்கும் ஐந்து முதல் பத்து விநாடி கூட்டலாம். நல்ல இலை ஆறு ஏழு ஊற்று தாங்கும். நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டாம், மூச்சை எண்ணுங்கள். நிதானமாக உள்ளிழுத்து வெளிவிட ஏறக்குறைய ஐந்து விநாடி ஆகும், ஆக நான்கு மூச்சு ஒரு ஊற்று. இது துல்லியமான அளவு இல்லைதான். ஆனால் இலையும் ஓரிரு விநாடியைப் பொருட்படுத்துவதில்லை, கை மட்டும் தயாராக இருந்தால் போதும். தியானம் செய்வதாக நினைத்து உட்கார வேண்டியதே இல்லை. எண்ணிக்கையில் கவனம் வைத்தால் தோள்கள் தாமாக இறங்கும்.

இனி ஊற்றும் முறை. மூடியைச் சற்றே சாய்த்து, மலர்ந்த விளிம்பின் இருபக்கமும் பெருவிரலையும் நடுவிரலையும் வையுங்கள், ஆள்காட்டி விரல் குமிழின் மேல். இடைவெளி முன்பக்கம், பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் இருக்கட்டும். உள்ளங்கை கிண்ணத்தைத் தொடக்கூடாது. தூக்கி, தயங்காமல் செங்குத்தாகச் சாய்த்துவிடுங்கள். கடைசிச் சொட்டு வரை விடுங்கள்; தங்கிய நீர் அடுத்த ஊற்றைக் கசப்பாக்கும்.

விரல் சுடுவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். நீர் மூடிக் கோட்டுக்கு மேலே நிரம்பியிருந்தால் விளிம்பே கொதித்திருக்கும். அரை விரற்கடை குறைத்து ஊற்றுங்கள். மூடியின் இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால் நீர் மெதுவாக வடியும், அவ்வளவு நேரமும் ஆவி விரலில் அடிக்கும். இலை தாண்டாத வரை இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மூன்றாவது தயக்கம். பயந்து பாதி சாய்த்து நிறுத்தினால் நீர் விளிம்போரம் வழிந்து விரலுக்கே வரும். முதல் சில நாள் அறை வெப்ப நீரில் ஊற்றிப் பழகுங்கள், ஐந்து விநாடிக்குள் முழுக்க வடிந்தால் கை தயார்.

மற்ற இலைகளுக்கு: லோங்ஜிங் போன்ற பச்சைத் தேநீருக்கு 3 கிராம், 80 டிகிரி, மூடியைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் இலை வெந்த வாடை வரும். வூயி ஊலோங் உருட்டாத இலை, அதனால் சீக்கிரம் இறங்கும். முதல் ஊற்றுக்கே 10 விநாடி போதும். நன்றாக நொதித்த ‘பழுத்த’ பூஎருக்கு இரண்டு முறை கழுவுதல்.

கோப்பையை ஏறக்குறைய முக்கால் அளவுக்கே நிரப்புங்கள். சீனத்தில் பத்தில் ஏழு பங்கு என்பார்கள்; மீதி மூன்று பங்கு விளிம்புதான் விரல் சுடாமல் பிடிக்க உதவுவது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பில், நடுவிரல் அடிவளையத்தின் கீழ்.

முடிந்ததும் இலையை உடனே கொட்டி வெந்நீரில் அலசினால் போதும். சோப்பு வேண்டாம். பழுப்புக் கறை படிந்தால் சமையல் சோடாவை ஈரத்துணியில் தொட்டுத் தேயுங்கள். கம்பி நார் மெருகைக் கீறும், கீறலில் கறை இன்னும் இறுகும். பொன்விளிம்பு உள்ளதை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது. சில்லென்று குளிர்ந்த கிண்ணத்தில் கொதிநீரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள்: உட்சுவர் விரியும்போது வெளிச்சுவர் விரியாது, அந்த இழுவையில்தான் விரிசல் விழும். தடித்த கிண்ணத்துக்கே இந்த ஆபத்து அதிகம். விரிசலில் தேநீர் ஊறிப் பழுப்புக் கோடு தெரிந்தால் அதில் ஊற்றுவதை நிறுத்துங்கள். உடைந்த பீங்கானில் பாதி ஆழத்துக்குத் துளையிட்டு உலோகத் தையலால் பிணைக்கும் ஜூத்சி என்ற பழைய சீனக் கைத்தொழில் இன்றும் இருக்கிறது. மனதுக்கு நெருங்கிய துண்டென்றால் அப்படித் தைத்து வைத்துக்கொள்ளலாம்.

அலமாரியில் வைக்கும்போது கிண்ணத்துக்குள் கிண்ணம் அடுக்காதீர்கள். அடிவளையத்தில் மெருகு கிடையாது, அந்தச் சொரசொரப்பு கீழே உள்ள கிண்ணத்தின் உட்புறத்தை உராயும். இடமில்லை என்றால் நடுவில் ஒரு மெல்லிய தாளை வையுங்கள். கைவானின் மூடியைத் தலைகீழாகத் திறந்து வைத்தால் உள்ளீரம் ஒரே இரவில் காய்ந்துவிடும்.