காலியாகத் திரும்பும் கிலோமீட்டர்: நீண்ட சவாரிகளின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025

டாக்சி ஓட்டுநரின் ஆப் திரையில் 120 கிலோமீட்டர் சவாரி வந்து நிற்கிறது. ஏற்பதா விடுவதா என்று யோசிக்கச் சில நொடிகள்தான். தொகையைப் பார்த்ததும் விரல் தானாகப் போய்விடும். ஆனால் திரும்பி வரவேண்டிய 120 கிலோமீட்டர் அந்தத் தொகையில் இல்லை.

கணக்கை லிட்டரில் போடுவது நல்லது. பணத்தில் போட்டால் எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் பழைய கணக்கு பொய்யாகிவிடும். ஆப் நிறுவனத்தின் கமிஷன் போகக் கைக்கு வருவது 38 லிட்டர் எரிபொருளின் விலை என்று வைத்துக்கொள்வோம். பயணியை ஏற்றும் இடத்துக்கு, அதாவது பிக்கப்புக்கு, 8 கிலோமீட்டர், போக 120, வர 120, ஆக 248. லிட்டருக்கு 15.5 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 16 லிட்டர் வேண்டும். திரும்பும்போது கட்டும் டோல் 2 லிட்டர். டயர், ஆயில், சர்வீசுக்கு எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 5 லிட்டர். மிச்சம் 15. பிக்கப்பிலிருந்து வீடு திரும்பும்வரை 4 மணி 20 நிமிடம் என்றால், மணிக்கு 3.5 லிட்டர்.

நகருக்குள் 8 மணி நேரம் ஓடி, எல்லாச் செலவும் போக 32 லிட்டர் நிற்கிறவருக்கு மணிக்கு 4 லிட்டர். அதாவது பெரிதாகத் தெரிந்த சவாரி நஷ்டம். 41 லிட்டருக்குக் குறையாமல் வந்தால்தான் சமம். அவரவர் வண்டிக்கு இந்த எண்ணை ஒருமுறை போட்டு டாஷ்போர்டில் ஒட்டிவைத்துவிட்டால், நொடிகளில் முடிவெடுக்க முடியும்.

மார்ச் 5

சில ஊர்களில் இறங்குமிடமும் தொகையும் ஏற்கும் முன்பே தெரியும். சில இடங்களில் தெரியாது. 45 நிமிடத்துக்கு மேல் போகக்கூடிய சவாரிக்கு முன்னறிவிப்புத் தரும் வசதியை ஊபர் 2017இல் கொண்டுவந்தது. இறங்குமிடம் காட்டாத இடத்தில் ஓட்டுநருக்கு இருக்கும் ஒரே துப்பு இதுதான்.

வேண்டாம் என்றால் அழைப்பு வரும்போதே விட்டுவிடுங்கள். ஏற்றுக்கொண்டு, பயணிக்குப் போன் போட்டு "எங்கே போகணும்?" என்று கேட்டுவிட்டு ரத்து செய்வது இரட்டைத் தவறு. ரத்து விகிதம் ஏறும். பெட்டியோடு வாசலில் நிற்கிறவரின் பத்து நிமிடமும் வீணாகும்.

மார்ச் 8

கிளம்பும் முன் செய்யவேண்டியவை இரண்டு நிமிட வேலை. ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரைப் படம் எடுங்கள். சவாரி விவரத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தொகை, தூரம், நேரம் மூன்றும் ஒரே படத்தில் வரவேண்டும், ஏனென்றால் முடிந்தபின் அந்தத் திரை திரும்பக் கிடைக்காது. எரிபொருளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவழியில் பங்க்கில் நின்றால் அது பயணியின் நேரம்.

போனில் பேட்டரி சேமிப்பு ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டுச் சார்ஜரில் போடுங்கள். ஏன் என்பதை அடுத்து எழுதுகிறேன்.

மார்ச் 12

"115 ஓடினேன், ஆப்பில் 107தான் காட்டுது." நீண்ட சவாரியில் அதிகம் கேட்கும் புகார் இது. காரணம் பெரும்பாலும் போனில்தான் இருக்கும். பேட்டரி சேமிப்பு, பின்னணியில் இருக்கும் ஆப்பின் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடும். வேறு ஆப்பில் வழி பார்த்துக்கொண்டு ஓட்டும்போது சவாரி ஆப் பின்னால் போய்விடும், பதிவு விட்டுவிட்டு வரும். விட்ட இடைவெளியை நேர்கோட்டில் இணைத்தால், வளைந்து வளைந்து ஏறிய மலைப்பாதை பாதியாகச் சுருங்கிவிடும். சுரங்கப்பாதையிலும் இதே கதைதான்.

புகாருக்கு முன் நம் பக்கத்தையும் சரிபார்க்கவேண்டும். தேய்ந்த டயர் ஓடோமீட்டரைக் கூட்டிக் காட்டும். 195/65 ஆர்15 என்ற அளவுள்ள டயரின் விட்டம் புதிதில் சுமார் 635 மில்லிமீட்டர். டயரின் மேல்பரப்பில் 8 மில்லிமீட்டர் ஆழமிருந்த வரிப்பள்ளம் 2ஆகத் தேய்ந்தால் விட்டம் 12 மில்லிமீட்டர் குறைகிறது, கிட்டத்தட்ட 2 சதவீதம். சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றுகிறது, மீட்டர் அதை எண்ணிக்கொள்கிறது. ஆகவே 115இல் 2 கிலோமீட்டர் வித்தியாசம் டயராக இருக்கலாம். 8 கிலோமீட்டர் இருக்க முடியாது.

இன்னொன்று: சவாரி முன்கூட்டியே நிர்ணயித்த தொகையா, தூரமும் நேரமும் எண்ணும் வகையா என்று முதலில் பாருங்கள். நிர்ணயித்த தொகை என்றால், இறங்குமிடமோ வழியோ கணிசமாக மாறியதைக் காட்டினால்தான் திருத்தம் கேட்க வலு இருக்கும்.

மார்ச் 15

பாதி வழியில் பயணி சொல்வார்: "இன்னும் 30 கிலோமீட்டர் தள்ளி விட்டுடுங்க, தனியா பணம் தரேன்." மறுக்கவேண்டும். மரியாதையாக, ஆனால் உறுதியாக: "நீங்களே ஆப்பில் இறங்குமிடத்தை மாத்திடுங்க, வண்டி அங்கேயே வரும்." அவர் மாற்றினால் தொகை மறுபடி கணக்கிடப்படும். சவாரியை முடித்துவிட்டு வெளியே ஓட்டினால், சவாரி நேரத்துக்கென்று நிறுவனம் வைத்திருக்கும் காப்பீடு அந்த 30 கிலோமீட்டருக்குப் பொதுவாகக் கிடையாது. தனிநபர் காப்பீடும் வாடகை ஓட்டம் என்று கைவிரிக்கலாம். ஒரு விபத்து போதும்.

மார்ச் 19

இறக்கிவிட்டாயிற்று. உடனே திரும்புவதா, காத்திருப்பதா? இங்கேதான் நீண்ட சவாரியின் லாபம் தீர்மானமாகிறது.

திரும்பும் திசையில் 60 கிலோமீட்டருக்கு ஓர் ஆள் கிடைத்தால், அதில் 12 லிட்டர் வரும் என்று கொள்வோம். எப்படியும் ஓடவேண்டிய சாலை, எனவே அந்த 12ம் ஏறக்குறைய முழுதாக நிற்கும். மார்ச் 3 கணக்கின் மிச்சம் 15ஓடு சேர்த்தால் 27. 20 நிமிடம் கூடுதலாக ஆனாலும் 27 லிட்டரை 4 மணி 40 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 5.8. நஷ்டமாக இருந்த நாள் நல்ல நாளாகிவிடுகிறது.

நகருக்குள் மணிக்கு 4 லிட்டர் என்பதால், காத்திருக்கும் அரை மணிக்கு விலை 2 லிட்டர். 12ஐ எதிர்பார்த்து 2ஐச் செலவழிப்பதால், ஆறில் ஒரு முறைக்கு மேல் ஆள் கிடைக்கும் இடமானால் அரை மணி நிற்கலாம். ஒரு மணி நேரம் நிற்க மூன்றில் ஒன்றாவது வேண்டும். அதற்குமேல் வெறும் நம்பிக்கைதான். நாம் போகும் திசையில் உள்ள சவாரிகளை மட்டும் கேட்டு வாங்கும் ஆப் வசதி நாளுக்குச் சில முறைதான் கிடைக்கும். காலையிலேயே அதைத் தீர்த்துவிடாதீர்கள், நீண்ட சவாரியின் திரும்பலுக்கு ஒன்றை மிச்சம் வையுங்கள்.

உரிமம் செல்லாத எல்லைக்குள் இறக்கிவிட்டால் காத்திருந்து பயனில்லை. அங்கே ஏற்றுவதற்கு அனுமதி கிடையாது. அந்தச் சவாரியை முழு காலித் திரும்பலாகவே கணக்குப் போடுங்கள்.

மார்ச் 23

காலியாகத் திரும்பும் நேரம் யாருடையது? சட்டங்கள் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

கலிஃபோர்னியாவில் 2020 நவம்பரில் ஆப் ஓட்டுநர்கள் பற்றி வாக்காளர்கள் ஏற்ற 22ஆவது முன்மொழிவின்படி, உறுதி செய்யப்பட்ட வருமானம் சவாரியை ஏற்றதிலிருந்து இறக்கும்வரை உள்ள நேரத்துக்கு மட்டும். குறைந்தபட்ச ஊதியத்தில் 120 சதவீதம் என்று கேட்க நன்றாக இருக்கும், ஆனால் காலித் திரும்பல் பூஜ்யம்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் 2021 பிப்ரவரி 19 அன்று சொன்னது வேறு. ஓட்டுநர் தனக்கு உரிமம் உள்ள பகுதிக்குள், ஆப்பில் இணைந்து, சவாரி ஏற்கத் தயாராக இருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரம். வெளியூரில் இறக்கிவிட்டு வரும்போது எல்லைக்குள் நுழைந்த பிறகுதான் அது தொடங்கும்.

நியூயார்க் நகரம் 2019 பிப்ரவரியில் கொண்டுவந்த குறைந்தபட்சச் சம்பள விதி, நகருக்கு வெளியே போகும் தூரத்துக்கும் நேரத்துக்கும் கூடுதல் விகிதம் வைத்தது. திரும்பி வரும்போது ஆள் கிடைக்காது என்பதை விகிதத்திலேயே ஏற்றுக்கொண்ட முறை. என் கணக்கில் இதுவே நேர்மையானது. ஓட்டுநர் சங்கங்கள் கேட்கவேண்டியதும் இதையே: எத்தனை சதவீத கமிஷன் என்ற சண்டையைவிட, எல்லை தாண்டிய கிலோமீட்டருக்குத் தனி விகிதம்.

மார்ச் 27

ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதி, நாலரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிட ஓய்வு என்கிறது. அது லாரிக்கும் பஸ்ஸுக்கும் எழுதப்பட்டது, ஆனால் தூக்கம் வண்டியின் அளவைப் பார்த்து வருவதில்லை. காலையிலிருந்து ஓடியவர் மாலை நீண்ட சவாரி ஏற்கும்போது திரும்பும் நேரத்தையும் சேர்த்து எண்ணட்டும்.

மின்வண்டிக்காரர்கள் சார்ஜ் ஏற நிற்கும் நேரத்தையும் மணிக்கு எவ்வளவு என்ற கணக்கில் சேர்க்கவேண்டும். 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றம் மெதுவாகும். வீடு சேரப் போதுமானது ஏறியதும் கிளம்பிவிடுங்கள்.

மார்ச் 30

திருத்தம் கேட்டு எழுதும்போது கோபத்தை எழுதினால் பதில் வராது, எண்ணை எழுதினால் வரும். வடிவம் இப்படி: "சவாரி எண் இது. தொடங்கியது 14:10, முடிந்தது 16:35. ஆப் காட்டும் தூரம் 107 கி.மீ., ஓடோமீட்டர் 115. நடுவில் 20 நிமிடம் இருப்பிடப் பதிவு இல்லை, வரைபடத்தில் நேர்கோடாகத் தெரிகிறது. போகும் வழி டோல் சேர்க்கப்படவில்லை, ரசீது இணைத்துள்ளேன். தூரத்தையும் டோலையும் திருத்தவும்."

ஒரு செய்தியில் ஒரு சவாரி மட்டும். அன்றே அனுப்பிவிடுங்கள், புகாருக்குக் காலக்கெடு உண்டு. முதல் பதில் பெரும்பாலும் முன்பே எழுதிவைத்த வாசகமாகத்தான் வரும். அதற்கே பதில் எழுதி, வரைபடத்தில் நேர்கோடு விழுந்த இடத்தை வட்டமிட்டு, அந்தப் படத்தை மறுபடி இணைத்து அனுப்புங்கள்.