காபி வடியும் நேரம்: ஓர் ஒத்திகை நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2026, பாரிஸ்

ஓராள் நாடகத்தின் முதல் வாசிப்பு. வியட்நாமின் சைகோனிலிருந்து வந்த பாட்டி, அப்பா, இங்கே பிறந்த பேத்தி, பள்ளி ஆசிரியை. நாலு பேருக்கும் ஒரே நடிகை, 60 நிமிடம். வசனம் பிரெஞ்சு, வீட்டுப் பேச்சு மட்டும் வியட்நாமியம்.

சிரிப்புக்கு ஆணிவேர் முறைச்சொல். வியட்நாமிய வீட்டுக்குள் 'நான்', 'நீ' செல்லாது. பேத்தி தன்னைக் 'கொன்' (பிள்ளை) என்பாள், பாட்டியை 'பா' என்பாள். அப்பாவின் அண்ணன் 'பாக்', தம்பி 'சூ', அத்தை 'கோ', தாய்மாமன் 'கௌ'. பெரியப்பா, சித்தப்பா என்று வளர்ந்த நமக்கு விளக்கவே வேண்டாம். பிரெஞ்சில் இத்தனையும் 'ழ', 'த்யு' என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடும். பேத்தி பிரெஞ்சுக்குத் தாவும் ஒவ்வோர் இடத்திலும் பாட்டி ஒரு நொடி விறைக்க வேண்டும். அந்த நொடியில் வசனம் போடக் கூடாது.

பிப்ரவரி 6

ஆள் மாற்றம். குரலை மட்டும் நம்பினால் தொண்டைதான் கெடும். பாட்டி வலப்பக்கம் அண்ணாந்து பார்ப்பாள். உயரமான பேத்தி இடப்பக்கம் குனிந்து பார்ப்பாள். முக்காலியை விட்டு எழவே வேண்டாம். உடம்பு முழுக்கத் திரும்பினால் அரை நொடி போய்விடும், பதிலடி செத்துவிடும். மோவாயும் கண்ணும் திரும்பினால் போதும்.

கூம்புத் தொப்பி வெளியே. மேல்விளக்கில் கண் இருட்டில் போய்விடுகிறது. தவிர, சுற்றுலாச் சுவரொட்டி வாடை.

பிப்ரவரி 10

'ஃபின்' என்ற வியட்நாமிய வடிகட்டியில் காபி மேடையிலேயே வடிகிறது. பாட்டியின் கதை அதற்குள் முடிய வேண்டும். 20 கிராம் கொரகொரப்பான தூள். முதலில் 20 மில்லி வெந்நீர் விட்டு அரை நிமிடம் ஊறவிட வேண்டும், பிறகு 80 மில்லி. கண்ணாடிக் குவளையின் அடியில் இரண்டு கரண்டி கண்டென்ஸ்டு மில்க். எங்கள் வடிகட்டிக்கு நாலரை நிமிடம். தூள் நைசாக இருந்தாலும், உள்தட்டை அழுத்திவிட்டாலும் அடைத்துக்கொள்ளும். பாட்டி கதையை முடித்துவிட்டுக் குவளையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிளாஸ்க் நீர் ஆறினால் மணம் எழாது. மூன்றாம் வரிசைவரை போக வேண்டியதே அந்த மணம்தான்.

பிப்ரவரி 13

அப்பாவின் முழக்கம்: "பிரெஞ்சுக்காரனிடம் ஒரு துரும்பும் வாங்கவில்லை." சொல்லிக்கொண்டே பெட்டி கட்டுகிறார்: சோப்புக்கு 'சா ஃபோங்', சட்டைக்கு 'சொ மி', வெண்ணெய்க்கு 'பொ', போக வேண்டியது 'கா', அதாவது ரயில் நிலையம். எல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்தவை. அவருக்குத் தெரியவே கூடாது. நடிகை கண்ணடித்தால் காட்சி காலி.

ஹனோயின் லோங் பியென் பாலத்தை ஈபிள் கட்டினார் என்கிறார். கட்டியது டெய்தே - பியே நிறுவனம். திருத்தும் வரியை வெட்டிவிட்டோம். பேத்தி போனில் தேடுகிறாள், பார்க்கிறாள், கவிழ்த்து வைக்கிறாள்.

கதையில் வரும் சந்தை வரி வசூலிப்பவர் புதுச்சேரித் தமிழர். வியட்நாம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையோடு சைகோனில் அரசு வேலை பார்த்தவர்கள் பலர். அதிகாரம் பண்ணியது வெள்ளைக்காரன் மட்டுமே என்ற சௌகரியம் அங்கே உடைகிறது.

ஆசிரியைக்கு 1902 ஹனோய் எலி வேட்டை, கணக்குப் பாடமாக. பிரெஞ்சு நிர்வாகம் ஒரு வாலுக்கு ஒரு சென்ட் தந்தது. வாலை நறுக்கிக்கொண்டு எலியைக் குட்டி போட விட்டுவிட்டால் விடை என்ன?

பிப்ரவரி 17

தெத், வியட்நாமியப் புத்தாண்டு. ஒத்திகை இல்லை.

பிப்ரவரி 19

முன்னோர் மாடம். ஊதுவத்தியைக் கொளுத்தினால் புகை எச்சரிக்கை மணி அலறும், அதனால் எல்.இ.டி. வத்தி. வியட்நாமிய வீடுகளிலும் இருப்பதுதான்; தனிச் சிரிப்பு இலவசம்.

பிரெஞ்சுப் பள்ளியில் ஒப்பித்த வரியைப் பாட்டி இந்த மாடத்தின் முன்னால் சொல்கிறாள்: "நம் மூதாதையர் கோல்கள்." அதாவது பிரான்ஸின் பழங்குடியான, தொங்கு மீசை வைத்த 'கோல்' இனத்தார். பிறகு படங்களில் தொங்கு மீசைக்காரர் யாரென்று ஒவ்வொன்றாகத் தேடுகிறாள். அவசரப்படக் கூடாது. நாலு படம், நாலு மூச்சு.

பிப்ரவரி 21

வியட்நாமிய வசனத்துக்குத் திரையில் ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்துதான் கடைசித் தலைவலி. அம்மாவைக் குறிக்கும் 'மா'வை ஆசிரியை தொனி ஏற்றாமல் தட்டையாக இழுத்ததில் அம்மா பேயாகிவிடுகிறாள்; தொனி மாறினால் கல்லறை, நாற்று என்று போகும். முழு வரியும் ஒரேயடியாகத் தெரிந்தால் அரங்கம் முந்திக்கொண்டு சிரித்துவிடுகிறது. வரியை இரண்டாக உடைத்து, 'பேய்' என்ற சொல்லை நடிகையின் வாய் திறந்த பிறகே விட வேண்டும்.

வியட்நாமியம் தெரிந்த பாதி உடனே சிரிக்கும், மறுபாதி படித்துவிட்டு. அந்த இரண்டாம் சிரிப்புக்காக நின்றால் காபிக் கணக்கில் 20 விநாடி இடிக்கிறது. நாளை தூளை ஒரு கிராம் கூட்டிப் பார்க்க வேண்டும்.