பெரியப்பா எப்படிச் சித்தப்பாவுக்கு மூணாவது பிள்ளை ஆனார்

பெரியப்பாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். மேடைக்குப் பின்னால் வம்ச விருட்சம் போட்ட பேனர் மாட்டணுமாம். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றாலும் என் தலையில்தான் விழும் என்பதால் இதுவும் விழுந்தது. "சித்தப்பாவோட சிடியிலதான் எல்லாப் பேரும் இருக்கேடா, அப்படியே எடுத்துப் போட வேண்டியதுதானே" என்றாள் அம்மா. அப்படியே எடுப்பதாம்!

சித்தப்பாவைத்தான் தெரியுமே. விஆர்எஸ் வாங்கின புதுசில் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, செராக்ஸ் நோட்ஸைப் பார்த்து நோட்பேடில் அடித்த குடும்ப வெப் பக்கம் அது. தாத்தா பெயர் மார்க்கீயில் இடமிருந்து வலமாக ஓடும். பாட்டி பெயர் பிங்க் கலரில் நிற்கும். எழுத்தின் கலரைச் சொல்கிற ஃபாண்ட் டேகைத் திறந்திருப்பார், மூடியிருக்க மாட்டார். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவும் அப்படித்தான்.

"இருநூறு பேர்தானேங்க, உட்கார்ந்து டைப் பண்ணினா ஒரு மணி நேரம்" என்றாள் மனைவி. ஒரு மணி நேர வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செய்வதற்குத்தானே படித்தோம்? ஹாஸ்கெல் என்ற புரோகிராமிங் மொழியைத் திறந்தேன். முதலில், டேகுகளைப் படித்துப் பிரிக்கிற எக்ஸ்எம்எல் பார்சரிடம் கொடுத்துப் பார்த்தேன். பத்திரிகையில் இனிஷியல் விட்டுப்போச்சு என்று கல்யாணத்துக்கே வராத திருச்சி மாமா மாதிரி, முதல் தப்பிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டது. சரி என்று டேக்சூப்புக்கு வந்தேன். நீல் மிட்செல் எழுதிய ஹாஸ்கெல் லைப்ரரி, அதாவது ரெடிமேட் கோடு. எந்தக் குப்பையைக் கொட்டினாலும் பந்தியில் இலை போடும், முறைக்காது.

"என்னங்க அது, சூப்பு?"

விளக்கினேன். ஹாஸ்கெல் என்பது ஹாஸ்கெல் கர்ரி என்ற கணித மேதையின் பெயர், அவருடைய கடைசிப் பெயரில் கர்ரியிங் என்றும் ஒரு சமாச்சாரம் உண்டு என்று பெருமையாகச் சொன்னேன். "சூப்பு, கறி... விரத நாள்ல பேசுற பேச்சா இது" என்று லேப்டாப்பைப் பூஜை அலமாரிப் பக்கமிருந்து நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

டேக்சூப்பில் ஒரே ஒரு விஷயம். அது மரம் கட்டாது. பார்ஸ்டேக்ஸ் என்று கூப்பிட்டால் திறப்பு, எழுத்து, மூடல், கமென்ட் என்று வந்த வரிசையில் தட்டையாக ஒரு லிஸ்ட் நீட்டும். யார் யாருக்குப் பிள்ளை என்ற பஞ்சாயத்துக்கே வராது. வம்ச விருட்சம் போட உட்கார்ந்தவன் மரமே கட்டாத லைப்ரரியைத் தேடிப் பிடித்தான் என்றால் அவன் எங்கள் வம்சம்தான், சந்தேகமே வேண்டாம்.

எனவே ஆழத்தை நானே கணக்குப் போட்டேன். பிள்ளைகளின் பெயர்களை உள்ளே வைக்கிற லிஸ்ட் டேக்தான் யுஎல்; அது திறந்தால் ஒன்று கூட்டு, மூடினால் ஒன்று கழி. கணக்கை ஓட்டிக்கொண்டே போகிற ஸ்கேன்எல் ஃபங்ஷனை வைத்து ஒரே வரி. கடைசியில் 0 வரணும். வந்தது 1.

எங்கேயோ ஒரு லிஸ்ட் மூடவில்லை. ஒவ்வொரு வரியாக இறங்கினேன். சித்தப்பா பழகுவதற்காகத் தன் குடும்பத்தைத்தான் முதலில் அடித்திருக்கிறார். அவருக்குக் கீழே அவருடைய இரண்டு பிள்ளைகள். அதற்கடுத்த மூடலில் 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 1. யு, ஒன்று! நோட்பேடில் பார்த்தால் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. பிரவுசரும் வாயைத் திறக்காது. தெரியாத மூடலைக் கண்டால் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று வெப் பக்க மொழியான ஹெச்டிஎம்எல் 5-இல் விதியே இருக்கிறது. அதனால் அடுத்த பெயரான பெரியப்பா, சித்தப்பாவின் மூன்றாவது பிள்ளையாகப் போய் உட்கார்ந்துவிட்டார். நாலாவது பிள்ளை எங்கள் அப்பா. அப்பாவுக்கு அதில் வருத்தமில்லை. காபி சூடாக இருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் பிள்ளையாக இருப்பார்.

பெரியப்பா அப்படியா? 2003 தீபாவளிக்குச் சித்தப்பா பிரிண்ட் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தாரே, அன்றிலிருந்து தம்பி போன் செய்தால் "சொல்லுங்கப்பா" என்றுதான் எடுப்பார். தம்பி வாசலில் செருப்பைக் கழற்றினால் "அப்பா வந்தாச்சு, காபி போடு" என்பார். இருபது வருஷத்துக்கு மேல். நாங்கள் எல்லோரும் அதை ஏதோ செல்லம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த 1-க்குப் பக்கத்திலேயே ஒரு கமென்ட். பிரவுசர் காட்டாது, டேக்சூப் ஒளிக்காது. சித்தப்பாவின் தங்கிலீஷில் மூன்றே வாக்கியம்: "மூடியாச்சு. அண்ணன் இன்னும் உள்ளயே இருக்கார். ஏன்னு தெரியலை."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். (பேனருக்கான பெயர்களை மனைவி அதற்குள் டைப் செய்து ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டிருந்தாள். நாற்பது நிமிஷமாம்.) பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு இரண்டு அங்குலத்தில் மூக்கை வைத்து அந்தக் கமென்ட்டை இரண்டு தடவை படித்தார்.

"ஒண்ணுக்கும் எல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவனை பேங்க்ல எப்படிடா கேஷ்ல உட்கார வெச்சாங்க?"

போனை அவரே எடுத்து, அவரே நம்பரைத் தேடிப் போட்டார். மறுமுனையில் எடுத்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "டேய்" என்றார்.